முப்பந்தல் காற்றை யார் வாங்குவது?

(திருநெல்வேலியில் பொதுமக்கள் முன் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



2012ஆம் ஆண்டின் பவர்கட்டை இங்கே இருப்பவர்கள் யாரும் மறந்திருக்க முடியாது. சென்னைக்கு இரண்டு மணி நேரம். நமக்குப் பன்னிரண்டு மணி நேரம், சில ஊர்களில் அதற்கும் மேல். இன்வெர்ட்டர் வாங்கினோம். அது சார்ஜ் ஏறுவதற்கே கரண்ட் இல்லை. மாநிலத்தின் பற்றாக்குறை ஏறத்தாழ 4,000 மெகாவாட் என்று அன்றாடம் பத்திரிகைகளில் படித்தோம். அந்தக் காலத்துக் காற்று சீசன்களில் இன்னொன்றும் நடந்தது. ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்று பிய்த்துக்கொண்டு அடிக்கும்போது, காற்றாலைகளை நிறுத்தி வைக்கச் சொல்லித் துணை மின் நிலையங்களுக்கு உத்தரவு போகும். மின்வாரியத்தில் நாங்கள் அதற்கு 'பேக் டவுன்' என்போம். ஆடியில் வேண்டாம் என்று தள்ளிய மின்சாரத்துக்காக ஐப்பசியில் இருட்டில் உட்கார்ந்திருந்தோம். மாநிலம் ஒன்றுதான், ஆண்டும் ஒன்றுதான், கம்பிகளும் அதே கம்பிகள்தான்.

இதை நிர்வாகக் கோளாறு என்று ஒரு வரியில் முடித்துவிடலாம். கோளாறு இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் நிர்வாகம் எவ்வளவு திறமையாக இருந்திருந்தாலும் அந்த ஆண்டு இந்தச் சிக்கல் முழுவதும் தீர்ந்திருக்காது. அது ஏன் என்பதைத்தான் இன்று பேசப் போகிறேன்.

முதலில் காற்று. மேற்குத் தொடர்ச்சி மலை நீளமான சுவர். அதில் சில இடைவெளிகள். பாலக்காடு, செங்கோட்டை, ஆரல்வாய்மொழி. இவற்றோடு கம்பம் பள்ளத்தாக்கையும் சேர்த்துக்கொள்ளலாம். தென்மேற்குப் பருவக்காற்று மழையை மலைக்கு மேற்கே கொட்டிவிட்டு, இந்த இடைவெளிகள் வழியாக வேகம் கூடி இந்தப் பக்கம் பாய்கிறது. வைகாசியில் தொடங்கினால் புரட்டாசி முடிய அடிக்கும். தமிழ்நாட்டின் காற்று மின்சாரத்தில் பெரும்பகுதி இந்த ஐந்து மாதத்தில் வருவதுதான். மீதி ஏழு மாதம் காத்தாடிகள் நிற்கின்றன என்று சொல்ல முடியாது. நம்பி ஒரு மில்லை ஓட்டுகிற அளவுக்கு இல்லை, அவ்வளவுதான்.

1986இல் தூத்துக்குடி முள்ளக்காட்டில் 55 கிலோவாட் எந்திரங்களை மின்வாரியம் நிறுவிப் பார்த்தது. குஜராத்தில் ஓகா, மகாராஷ்டிரத்தில் ரத்தினகிரி, இங்கே முள்ளக்காடு: இந்தியாவின் காற்று மின்சாரம் இந்த மூன்று கடற்கரைகளில் ஆரம்பித்தது. பிறகு கயத்தாறு, ஆரல்வாய்மொழியை ஒட்டிய முப்பந்தல். தொண்ணூறுகளில் வருமான வரியில் முதல் ஆண்டே நூறு விழுக்காடு தேய்மானம் கழித்துக்கொள்ளலாம் என்ற சலுகை வந்ததும், கோயம்புத்தூர், திருப்பூர், திண்டுக்கல் மில் முதலாளிகள் நம்மூர்ப் பொட்டல் காட்டைத் தேடி வந்தார்கள். காற்று ஆர்வத்தில் வந்தவர் சிலர். ஆடிட்டர் சொல்லி வந்தவர்களே அதிகம். அதைக் குறையாகச் சொல்லவில்லை. ஆடிட்டர்கள் இல்லாவிட்டால் முப்பந்தலில் இன்றும் ஆடுதான் மேய்ந்துகொண்டிருக்கும். 2012 மார்ச்சில் மாநிலத்தின் காற்றாலைத் திறன் ஏறத்தாழ 7,000 மெகாவாட். இன்று 11,000ஐத் தாண்டிவிட்டது. நீண்ட காலம் நாட்டில் முதலிடத்தில் இருந்தோம். இப்போது குஜராத் முந்திக்கொண்டது.

இனி கிரிட், அதாவது மின் நிலையங்களையும் நம் வீடுகளையும் இணைக்கும் கம்பி வலை. மின்சாரத்தைப் பெரிய அளவில் சேர்த்துவைக்க முடியாது என்பதை எல்லாரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதன் உண்மையான பொருள் என்னவென்றால், ஒவ்வொரு நொடியும் நாடு முழுக்க எவ்வளவு செலவாகிறதோ அவ்வளவு உற்பத்தியாக வேண்டும். கூடினாலும் ஆகாது, குறைந்தாலும் ஆகாது. நம் நெல்லையப்பர் தேரை நினைத்துக்கொள்ளுங்கள். வடத்தைப் பிடித்து ஆயிரம் பேர் இழுக்கிறார்கள். எல்லாரும் ஒரே வேகத்தில்தான் நடந்தாக வேண்டும். நூறு பேர் திடீரென்று வடத்தை விட்டால் தேர் தளரும், மற்றவர்களுக்குப் பாரம் கூடும். அளவுக்கு மேல் இழுத்தால் சறுக்குக்கட்டை போட ஆள் வேண்டும். கிரிட்டில் தேரின் வேகத்துக்குப் பெயர் அதிர்வெண். நொடிக்கு 50 சுற்று, அதாவது 50 ஹெர்ட்ஸ். இன்றைய விதிப்படி 49.90க்கும் 50.05க்கும் நடுவில் அதை நிறுத்த வேண்டும். காற்றாலைகள் என்பவை வடம் பிடிக்க வருகிற ஒரு கூட்டம். நல்ல பலசாலிகள், கூலியும் கேட்பதில்லை. ஆனால் எப்போது வருவார்கள், எப்போது கையை விடுவார்கள் என்பது அவர்கள் இஷ்டம். பெரிய தேரில் அவர்கள் விட்டதே தெரியாது. சின்னச் சப்பரமாக இருந்தால் குடை சாய்ந்துவிடும்.

நான் பணியில் இருந்த காலத்தில், மின்பகிர்வு மையத்தின் கட்டுப்பாட்டு அறையில் எல்லார் கண்ணும் அந்த ஒரு எண்ணின் மேல்தான் இருக்கும். சுவரில் சிவப்பு எழுத்தில் 49.97, 49.94, 49.91 என்று இறங்கும். பேசிக்கொண்டிருப்பவர்கள் நிறுத்திவிடுவார்கள். ஒருவர் மேட்டூர் மின் நிலையத்துக்கு போன் போடுவார், ஒருவர் தூத்துக்குடிக்கு, ஒருவர் காடம்பாறைக்கு. சீசனில் இதன் தலைகீழ் நடக்கும். ராத்திரி இரண்டு மணி. கேரளத்தில் மழை, சென்னையிலும் தூறல். ஏசி ஓடவில்லை, பம்ப்செட் ஓடவில்லை. தெற்கே காற்று மட்டும் ஓயாமல் அடிக்கிறது. அணைகளும் அதே பருவமழையில் நிரம்பியிருக்கின்றன. நீர் மின்சாரத்தை நிறுத்தினால் தண்ணீர் வழிந்து வீணாகும். கூடங்குளம் அணு உலையை நேரத்துக்கு நேரம் ஏற்றி இறக்குவது வழக்கமில்லை. மிச்சம் இருப்பது அனல் மின் நிலையம். அதை இறக்க இறக்க, ஒரு கட்டத்துக்குக் கீழே கொதிகலனில் நெருப்பு நிலைக்காது. எண்ணெய் ஊற்றி எரிக்க வேண்டிவரும். ஒரேயடியாக நிறுத்திவிடலாமா? சாயங்காலம் காற்று விழுந்தால் மறுபடி கிளப்பப் பல மணி நேரம் ஆகும். இத்தனையும் யோசித்துவிட்டுத்தான் பணியில் இருக்கும் பொறியாளர் கயத்தாறுக்கு போன் போடுவார். "பேக் டவுன் எடுங்க சார்" என்பார். மறுமுனையில் இருப்பவர் என்ன சொல்வார் என்பதை இந்த மேடையில் சொல்ல முடியாது.

காற்றின் குணம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், கணக்கு பிடிக்காதவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். காற்றின் வேகம் இரட்டிப்பானால் அதிலுள்ள சக்தி எட்டு மடங்காகும். நொடிக்கு 12 மீட்டரில் அடிக்கிற காற்று 9 மீட்டராகக் குறைந்தால் நமக்கு அது குறைந்ததே தெரியாது. வேட்டி அதே மாதிரிதான் படபடக்கும். காத்தாடியிடம் வந்து சேரும் சக்தியோ பாதிக்கும் கீழே போய்விட்டிருக்கும். சீசனில் சில மணி நேரத்துக்குள் ஆயிரம், இரண்டாயிரம் மெகாவாட் ஏறி இறங்குவது இதனால்தான்.

இப்போது 2012க்குத் திரும்புவோம். அந்த ஆண்டு ஜூலை 30ஆம் தேதி அதிகாலையில் வட இந்திய கிரிட் விழுந்தது. மறுநாள் வடக்கு, கிழக்கு, வடகிழக்கு மூன்றும் சேர்ந்து விழுந்தன. 60 கோடிக்கும் மேற்பட்ட மக்கள் வாழும் பரப்பு. உலகம் அதுவரை கண்டிராத மின்தடை. டெல்லியில் மெட்ரோ நின்றது, சுரங்கங்களில் தொழிலாளர்கள் சிக்கிக்கொண்டார்கள். தெற்கே நமக்கு ஒன்றும் ஆகவில்லை. காரணம், தென்னகக் கிரிட் அப்போது தனி. வடக்கின் அதிர்வெண் வேறு, நம் அதிர்வெண் வேறு. தல்சேரிலிருந்து கோலாருக்கு வரும் நேர்மின் (டிசி) லைன், காஜுவாக்கா, பத்ராவதி என்று சில நேர்மின் இணைப்புகள் மட்டும் இருந்தன. அவை வழியாக மின்சாரம் வரும், அதிர்ச்சி வராது. அன்று அதற்காகப் பெருமைப்பட்டவர்கள் உண்டு.

ஆனால் அந்த நேர்மின் வாசல்கள் வழியாக வரக்கூடிய, போகக்கூடிய மின்சாரத்துக்கும் அளவு உண்டு. ஜூலையில் வடக்கின் விபத்திலிருந்து நம்மைக் காப்பாற்றிய அதே தனிமைதான், ஆடிக் காற்றை வெளியே விற்க விடாமலும், ஐப்பசியில் சத்தீஸ்கரின் மின்சாரத்தை உள்ளே வாங்க விடாமலும் தடுத்தது. மின்சந்தையில் விற்பவர் இருந்தார், வாங்க நாமும் தயார், கம்பியில் இடமில்லை. அதனால் தெற்கே விலை தனியாக ஏறிக்கொண்டிருந்தது. தென்னகம் முழுதும் சேர்த்து முப்பதாயிரம் மெகாவாட் அளவிலான கிரிட் அது. அதற்குள் 7,000 மெகாவாட் காற்றாலை, அதுவும் நான்கைந்து மாவட்டங்களில் குவிந்து கிடந்தது.

2013 டிசம்பர் 31 அன்று கர்நாடகத்தின் ராய்ச்சூரையும் மகாராஷ்டிரத்தின் சோலாப்பூரையும் இணைக்கும் 765 கிலோவோல்ட் லைனில் மின்சாரம் பாய்ந்தது. அன்று முதல் நாகர்கோவிலும் குவஹாத்தியும் ஸ்ரீநகரும் ஒரே அதிர்வெண். நாடு முழுவதற்கும் ஒரே தேர். அன்று தொலைக்காட்சியில் புத்தாண்டுக் கொண்டாட்டம்தான் ஓடியது, இந்தச் செய்தி ஓரத்தில் போனது. என் பணிக்காலத்தில் காற்றாலைக்கு நடந்த பெரிய நன்மை எது என்று கேட்டால், மானியங்களைச் சொல்ல மாட்டேன், கொள்கைகளைச் சொல்ல மாட்டேன். இந்த லைனைத்தான் சொல்வேன். 2024 மே 30 அன்று நாட்டின் உச்ச தேவை 2,50,000 மெகாவாட்டை எட்டியது. அந்த அளவுள்ள கிரிட்டில் முப்பந்தலில் ஆயிரம் மெகாவாட் விழுந்தாலும் அதிர்வெண் பெரிதாக அசையாது.

அடுத்து வந்தது சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து புகளூருக்கு வரும் 800 கிலோவோல்ட் நேர்மின் லைன். 1,700 கிலோமீட்டருக்கு மேல் நீளம், 6,000 மெகாவாட் திறன். 2020இலும் 2021இலும் கட்டம் கட்டமாக இயக்கத்துக்கு வந்தது. இதைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் 'தமிழ்நாட்டுக்கு மின்சாரம் கொண்டுவரும் லைன்' என்று எழுதுவார்கள். அது பாதிதான். அந்த லைனை இரண்டு பக்கமும் ஓட்டலாம். காற்று மிகும் காலத்தில் இங்கிருந்து வடக்கே அனுப்பலாம் என்பதையும் கணக்கில் வைத்தே திட்டமிட்டார்கள். கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களில் விளைநிலத்தில் கோபுரம் நிற்கிற விவசாயிகளின் எதிர்ப்பு உங்களுக்கு நினைவிருக்கும். அவர்களுடைய கேள்வி நியாயமானது. வயலில் கோபுரம் நிற்கிறது. அதனால் வரும் லாபம் வேறு எங்கோ போகிறது. இழப்பீட்டை நிலத்தின் சந்தை மதிப்போடு பொருத்தாமல் லைன் போட்டால், இனி வரும் ஒவ்வொரு லைனும் நீதிமன்றத்தில்தான் நிற்கும்.

பெரிய லைன் வந்தால் போதுமா என்றால், போதாது. காட்டில் நிற்கும் காத்தாடியிலிருந்து அந்தப் பெரிய லைன் வரை மின்சாரம் வந்து சேர வேண்டுமே? ஒரு காற்றாலையை ஓராண்டுக்குள் நிறுவிவிடலாம். ஒரு 400 கிலோவோல்ட் லைனுக்கு நிலம், அனுமதி, வழக்கு எல்லாம் சேர்ந்து ஐந்து ஆண்டு ஆகும். காத்தாடிகள் முந்திக்கொண்டன, லைன்கள் பின்தங்கின. கயத்தாறு, கானார்பட்டி, தேனிப் பக்கம் தப்பகுண்டு போன்ற 400 கிலோவோல்ட் துணை மின் நிலையங்கள் வந்து சேர்ந்த பிறகே மூச்சு விட முடிந்தது. இந்த விஷயத்தில் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலம் வேறு வழியில் போனது. 2005இல் சட்டம் இயற்றினார்கள். காற்று எங்கே நன்றாக வீசும் என்று மண்டலங்களைக் குறித்தார்கள். காற்றாலை வருமா வராதா என்று காத்திராமல் 3,600 மைல் லைனைப் போட்டார்கள். 2014இல் பணி முடிந்தது. செலவு ஏறத்தாழ 700 கோடி டாலர். அதை எல்லா நுகர்வோர் மீதும் பரப்பினார்கள். சீனா இதற்கு நேர்மாறு. கான்சு மாகாணத்தில் பாலைவனத்தை நிரப்பிக் காத்தாடிகளை நட்டார்கள், வாங்கும் ஊர்கள் ஆயிரம் மைலுக்கு அப்பால். 2016இல் சீனா முழுவதும் 17 விழுக்காடு காற்று மின்சாரம் வீணானது. கான்சுவில் மட்டும் 43 விழுக்காடு. நாம் இந்த இரண்டுக்கும் நடுவில் இருந்தோம், கொஞ்சம் கான்சு பக்கமாக.

இதுவரை அளவைப் பற்றிப் பேசினேன். இன்னொரு ஆபத்து நொடிகளில் நடப்பது. 2016 செப்டம்பர் 28, தெற்கு ஆஸ்திரேலியா. சூறாவளிகள் உயரழுத்தக் கோபுரங்களைச் சாய்த்தன. ஒவ்வொரு லைன் அறுந்தபோதும் கிரிட்டின் மின்னழுத்தம் ஒரு கணம் தாழ்ந்து மீண்டது. காற்றாலைகள் ஒருமுறை தாங்கின, இரண்டாம் முறை தாங்கின; அடுத்தடுத்துத் தாழ்வு வரவும் பலவற்றின் கணினி 'போதும்' என்று முடிவு செய்துவிட்டது. ஏழு நொடிக்குள் 456 மெகாவாட் போனது. அந்தப் பாரம் முழுவதும் பக்கத்து மாநில இணைப்பில் விழ, அதுவும் ட்ரிப் ஆக, மாநிலமே இருண்டது. உடனே அரசியல்வாதிகள் காற்றாலை மேல் பழியைப் போட்டார்கள். விசாரணையில் என்ன தெரிந்தது? இத்தனை முறைதான் தாங்க வேண்டும் என்று எந்திரத்தின் மென்பொருளில் ஓர் எண் இருந்தது. அந்த எண் கிரிட்டை நடத்துகிறவர்களுக்குத் தெரிந்திருக்கவில்லை! எண்ணை மாற்றினார்கள், பல காற்றாலைகளில் சிக்கல் அதோடு தீர்ந்தது. அடுத்த ஆண்டு அங்கே வந்த ஹார்ன்ஸ்டேல் பேட்டரிதான் பெரிய பெயர் வாங்கியது. அந்த எண்ணைப் பற்றி யாரும் பேசவில்லை.

நம்மூரில் இதே பிரச்சினை வேறு உருவில் இருக்கிறது. முப்பந்தலில் நிற்கும் பழைய 225, 250 கிலோவாட் எந்திரங்கள் எளிய வகை. மின்னழுத்தம் தாழ்ந்தால் அவை பயந்து கழன்றுகொள்ளும். அதோடு, ஓடுவதற்கே கிரிட்டிலிருந்து ரியாக்டிவ் பவர் (மின்னழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கும் மின்திறன்) இழுக்கும். ஆடி மாதத்தில் அந்தப் பக்கத்துத் துணை மின் நிலையத்துக்குப் போனால் இதைக் கண்ணால் பார்க்கலாம். காற்று கூடக் கூட, யூனிட் ஓட்டம் ஏற ஏற, மீட்டரில் மின்னழுத்தம் இறங்கும். கெப்பாசிட்டர்களைப் போட்டுத் தூக்குவார்கள். திடீரென்று காற்று விழுந்தால் கெப்பாசிட்டர் மிஞ்சிப்போய் அழுத்தம் எகிறும். ஓடிப்போய்க் கழற்ற வேண்டும். ஒரு ஷிப்டில் அந்த ஆபரேட்டர் எத்தனை முறை எழுந்து உட்காருவார் என்பதை எந்த ஆண்டறிக்கையிலும் பார்க்க முடியாது. தாழ்வைத் தாங்கி நிற்க வேண்டும் என்ற விதி 2013இல் வந்தது. அதற்குப் பின் வந்த புதிய எந்திரங்கள் தாங்குகின்றன. பழையவற்றுக்கு அந்தச் சக்தியைப் பின்னால் பொருத்துவது, எந்திரத்தின் விலைக்கே கட்டுப்படியாகாது.

முன்கணிப்பு பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில் சண்டை குறைந்துவிட்டது. 'காற்றை யார் கணிக்க முடியும்' என்று பேசிய தலைமுறை எங்களுடையது. இன்று சென்னையில் உள்ள தேசிய காற்றாற்றல் நிறுவனமும் மற்றவர்களும் நாளைய காற்றைப் பதினைந்து நிமிடக் கூறுகளாகக் கணித்துக் கொடுக்கிறார்கள். ஒரு நாளுக்கு 96 கூறு. தனித்தனிக் காத்தாடிக்கு இந்தக் கணிப்பு தவறும், மாநிலம் முழுவதற்கும் கூட்டினால் பெரும்பாலும் நெருங்கி வரும். 2020 ஜூன் முதல் மின்சந்தையில் அரைமணிக்கு ஒருமுறை ஏலம் நடக்கிறது. இப்போது ஏலம் எடுத்தால் ஒரு மணி நேரத்துக்குள் மின்சாரம் போய்ச் சேரும். காலையில் தப்பிய கணிப்பை மதியத்தில் சரிசெய்துகொள்ளலாம். முன்பு இதற்கு இருந்த ஒரே வழி போன்.

சேமிப்பு என்றதும் எல்லாரும் டென்மார்க்கைக் காட்டுவார்கள். மின்சாரத்தில் பாதிக்கு மேல் காற்றிலிருந்து எடுக்கிற நாடு. காற்று மிஞ்சினால் கடலடிக் கேபிள் வழியாக நார்வேக்கு விற்கும். நார்வே அந்த நேரத்தில் தன் அணையை மூடித் தண்ணீரை மிச்சம் பிடிக்கும். காற்று விழுந்தால் அணையைத் திறந்து திருப்பி அனுப்பும். அருமையான ஏற்பாடுதான். ஆனால் அவர்களுக்குக் காற்று அடிப்பது குளிர்காலத்தில், தேவை கூடுவதும் குளிர்காலத்தில். நமக்கோ தேவை உச்சிக்குப் போவது கோடையில். 2024இல் மாநிலத்தின் உச்சமான 20,830 மெகாவாட் வந்தது மே 2ஆம் தேதி. காற்று சீசன் பிறப்பதோ அதற்குப் பிறகு. காற்று வரும்போது தேவை தணிந்திருக்கும், அணையும் நிரம்பியிருக்கும். டென்மார்க் பாடத்தை அப்படியே இறக்குமதி செய்தால் நமக்குச் செல்லாது.

நமக்கென்று ஒரு நல்ல ஏற்பாடு ஏற்கனவே இருக்கிறது. ஆனைமலையில் காடம்பாறை, நான்கு எந்திரம், 400 மெகாவாட், எண்பதுகளின் இறுதியிலேயே வந்துவிட்டது. மின்சாரம் மிஞ்சும்போது கீழே மேல் ஆழியாறிலிருந்து தண்ணீரை மேலே ஏற்றும். தேவைப்படும்போது இறக்கி மின்சாரம் எடுக்கும். காற்றாலைக்கு இதைவிட நல்ல துணை கிடையாது. அடுத்ததாக நீலகிரியில் குந்தா, 500 மெகாவாட். இதை எத்தனை காலமாகக் கட்டிக்கொண்டிருக்கிறோம் என்று சொன்னால் உங்களுக்கே அலுத்துவிடும். பேட்டரிகளும் இப்போது விலை இறங்கி வருகின்றன. ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. இவையெல்லாம் சில மணி நேரச் சேமிப்பு. மதியத்தை இரவுக்கு மாற்றும், ஆடியைத் தைக்கு மாற்றாது. மாதங்களைக் கடக்க வேண்டுமென்றால் நமக்குள்ள வழி பெரிய கிரிட் ஒன்றுதான்: இங்கே மிஞ்சும்போது வேறெங்கோ நிலக்கரியை மிச்சப்படுத்துவது, இங்கே குறையும்போது அங்கிருந்து வாங்குவது. இதில் சூரிய மின்சாரம் நமக்கு இயல்பாகவே கைகொடுக்கிறது. கோடையில் வெயில், பருவத்தில் காற்று. பகலில் வெயில், நம் கணவாய்களில் பிற்பகலில் ஏறி இரவு வரை நிற்கும் காற்று. இரண்டையும் ஒரே துணை மின் நிலையத்தில் சேர்த்தால் ஒரே லைனை இருவரும் பகிர்ந்துகொள்ளலாம்.

இனி பணம். இதைப் பேசாமல் பேசியதெல்லாம் வீண்.

மில் முதலாளிக்கும் மின்வாரியத்துக்கும் நடுவில் 'பேங்கிங்' என்றொரு ஏற்பாடு உண்டு. ஆடியில் உங்கள் காத்தாடி ஓட்டிய யூனிட்டை வாரியத்தின் கணக்கில் போட்டுவைக்கலாம். தை, மாசியில் உங்கள் ஸ்பின்னிங் மில்லுக்கு எடுத்துக்கொள்ளலாம். ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை ஒரு கணக்கு. மிஞ்சினால் ஒரு விலை போட்டு வாரியம் எடுத்துக்கொள்ளும். காகிதத்தில் பார்த்தால் யூனிட்டுக்கு யூனிட். ஆனால் ஆடி மாத இரவு இரண்டு மணி யூனிட்டும், மாசி மாத மாலை ஏழு மணி யூனிட்டும் ஒரே சரக்கா? முதலாவது வாரியத்துக்குத் தலைவலி; இரண்டாவதை வாரியம் வெளியே விலை கொடுத்து வாங்க வேண்டும். அதற்காகத்தான் உச்ச நேரத்துக்குத் தனிக் கணக்கு, பேங்கிங் கட்டணம் எல்லாம் வைத்தார்கள். புதிய காற்றாலைகளுக்கு இந்தச் சலுகையை ஒழுங்குமுறை ஆணையம் வெகுவாகச் சுருக்கிவிட்டது.

வாரியத்தில் வேலை பார்த்தவன் என்பதால் நான் வாரியம் பக்கம் பேசுவேன் என்று நினைக்காதீர்கள். யாரும் பணம் போடத் துணியாத காலத்தில் கடன் வாங்கிக் காத்தாடி நிறுவியவர் அந்த மில் முதலாளி. பேங்கிங் இல்லையென்றால் வங்கி அவருக்குக் கடனே கொடுத்திருக்காது. அவரிடமிருந்து வாங்கிய மின்சாரத்துக்கு ஆண்டுக்கணக்கில் பணம் தராமல் இழுத்தடித்ததும் நடந்தது. 'கட்டாயம் ஓட்ட வேண்டிய நிலையம்' என்று சட்டம் அவருக்கு அந்தஸ்து கொடுத்திருந்தும், பேக் டவுன் செய்த யூனிட்டுக்கு ஈடு தர வேண்டும் என்ற மத்திய விதி 2021இல்தான் வந்தது.

நான் சொல்ல வருவது இது. காற்று மின்சாரம் மலிவு என்பது காத்தாடியின் காலடியில் உண்மை. உங்கள் வீட்டு மீட்டருக்கு வரும்போது அதோடு இன்னொரு செலவும் சேர்ந்து வருகிறது. காற்று விழும்போது தூக்கிவிடத் தயாராக நிற்கும் நிலையத்தின் செலவு அது. ஓடினாலும் ஓடாவிட்டாலும் அதற்குச் சம்பளம் உண்டு. இந்தச் செலவைக் காற்றின் தலையில் கட்டுவது நம் வழக்கம். ஏன் கட்ட வேண்டும்? இறங்கத் தெரியாத அனல் நிலையத்தின் விறைப்புக்கும் ஒரு விலை போடலாமே? மத்திய அனல் நிலையங்கள் தங்கள் திறனில் 55 விழுக்காடு வரை இறங்க வேண்டும் என்று 2016இல் விதி வந்தது. 40 வரை படிப்படியாக இறங்க வேண்டும் என்று 2023இல் வந்தது. அதற்கான மாற்றங்களுக்குப் பணம் வேண்டும். அடிக்கடி ஏறி இறங்கினால் குழாய்கள் சீக்கிரம் தேயும். அந்தப் பணத்தை யார் தருவது என்பதில்தான் இன்று இழுபறி. தமிழ்நாட்டின் காற்றால் நாடு முழுவதற்கும் புகை குறைகிறது என்றால், அதைச் சமன்செய்யும் செலவைத் தமிழ்நாட்டு மின்வாரியம் மட்டும் சுமப்பது நியாயமில்லை. லைன் செலவை நாடு முழுவதும் பகிர்ந்துகொள்ள ஒரு முறை வைத்திருக்கிறோம். சமன்செய்யும் செலவுக்கும் அதே போல ஒன்று வேண்டும். இது என் கருத்து. ஏற்காதவர்கள் என் நண்பர்களிலேயே உண்டு.

கடைசியாக, நம் ஊருக்கு நெருக்கமான ஒரு வேலை. நாட்டிலேயே நல்ல காற்று அடிக்கும் நிலத்தில் முப்பது ஆண்டு பழைய குட்டிக் காத்தாடிகள் நிற்கின்றன. அவற்றை எடுத்துவிட்டு மூன்று மெகாவாட் எந்திரம் ஒன்று நிறுத்தினால் பத்துப் பன்னிரண்டு பழையவற்றின் வேலையை அது தனியாகச் செய்யும். உயரம் கூடுவதால் காற்றும் சீராகக் கிடைக்கும், மின்னழுத்தத் தாழ்வையும் தாங்கும். இதற்காக 2024இல் மாநில அரசு தனிக் கொள்கையே வெளியிட்டது. ஆனால் களத்தில் போய்ப் பாருங்கள். பத்துக் காத்தாடி, பத்து முதலாளி, பத்துப் பத்திரம். ஒருவர் காலமாகிப் பிள்ளைகளுக்குள் பாகப்பிரிவினை வழக்கு. பெரிய எந்திரத்துக்குச் சிறகு விட்டத்தின் ஐந்து மடங்கு, ஏழு மடங்கு இடைவெளி விட வேண்டும் என்ற கணக்கில், பக்கத்துக்காரர் சம்மதமில்லாமல் ஒன்றும் ஆகாது. பழைய துணை மின் நிலையமும் அதன் லைனும் பழைய அளவுக்குப் போட்டவை. அவையும் மாற வேண்டும். பத்துப் பேரைக் கூட்டி ஒரு கம்பெனியாக்கி, பேங்கிங் உரிமையைப் பழையபடி தொடரவிடுவதா, புதிதாகக் கணக்கிடுவதா என்று தீர்த்துக்கொடுத்தால் பாதி வேலை முடிந்தது.

அதற்கிடையில் மன்னார் வளைகுடாக் கடலிலேயே காற்றாலை நிறுவத் திட்டமிட்டிருக்கிறார்கள். குஜராத்துக்கு 500, தமிழ்நாட்டுக்கு 500 மெகாவாட் என்று 2024 ஜூனில் மத்திய அரசு 7,453 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்திருக்கிறது. கடல் காற்று நிலக் காற்றைவிடச் சீரானது. ஆனால் இங்கே அதுவும் இதே பருவத்தில்தான் உச்சத்துக்கு வரும். ஏற்கனவே நிரம்பி வழியும் அதே தென்கோடி லைன்களில்தான் அதுவும் வந்து ஏற வேண்டும். மீன்பிடிக்கப் போகிறவர்களுக்கு எந்தப் பாதை திறந்திருக்கும் என்பதையும் இப்போதே அவர்களைக் கூப்பிட்டு வைத்துப் பேச வேண்டும். முதல் கம்பம் கடலில் இறங்குவதற்கு முன்னால் கரையில் லைன் தயாராக இருக்குமா என்று உங்கள் பிரதிநிதிகளிடம் கேளுங்கள். என்னிடம் கேட்க வேண்டியதை இப்போது கேட்கலாம். மைக்கை அந்தப் பக்கம் கொடுங்கள்.